குடை, வாளி, எலுமிச்சை

ஃபர்சானா பல ஆண்டுகளாகக் கல்லூரி அணிகளுடன் ஊர் ஊராகப் போய் வருகிறவள். ஆயினும் எந்தப் போட்டியில் யார் வென்றார்கள் என்று கேட்டால் அவளால் விடை கூற இயலாது. பந்தையும் புள்ளிப்பலகையையும் அவள் பார்ப்பதில்லை. தாவியவர் எந்தக் காலில் இறங்குகிறார், விழுந்தவர் எந்தக் கையை ஊன்றி எழுகிறார் என்பவற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். கூட்டம் முழுவதும் ஒரு பக்கம் திரும்பி ஆர்ப்பரிக்கும்போது அவளுடைய முகம் மட்டும் மறுபக்கம் திரும்பியிருக்கும். காகிதத் தேநீர்க் குவளைகளில் நீர் ஊற்றி உறையவைத்து, விளிம்பைக் கிழித்துவிட்டு, வீங்கிய கணுக்கால்களில் அப்படியே தேய்த்துவிடுவாள். குவளைகளைக் கல்லூரி வாசலிலுள்ள பேக்கரிக்காரர் கொடுப்பார்.

"வலிக்கிறதா?" என்று அவள் எவரையும் கேட்பதில்லை. கொங்கு நாட்டுப் பிள்ளைகளிடம் அக்கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு என்பதை முதலாண்டிலேயே அறிந்துகொண்டாள். எலும்பு விரிசல் கண்டிருந்தாலும், "பரவால்லீங்க மேடம்" என்பார்கள். பெரியவர் ஒருவர் கனிவோடு கேட்கும்போது, வலிக்கிறது என்று சொல்லி அவரை வருந்தச் செய்வது மரியாதையன்று எனும் எண்ணம் அவர்களுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டிருந்தது. ஆகையால் அவள் கேட்பதை விடுத்து, பார்வையாளர் படிகளில் ஏறி இறங்கச் சொல்லிவிட்டு முழங்கால்களைக் கவனிப்பாள்.

அப்படிகளின் கீழேதான் அவளுடைய அறை இருந்தது. முன்னர் அது சிமெண்டு மூட்டைகளும் கிழிந்த வலைகளும் கிடந்த இடம். கல்லூரியின் இணையதளத்தில் அதற்கு 'விளையாட்டு மருத்துவ மையம்' என்று பெயர். ஊழியர் பதிவேட்டிலோ ஃபர்சானா ஆய்வக உதவியாளர். அவள் இயன்முறை மருத்துவம் பயின்று, பிறகு சென்னையில் விளையாட்டுக் காயங்களுக்கென்றே தனிப் பயிற்சியும் பெற்றவள். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அவளுடைய பணி புதுப்பிக்கப்பட வேண்டும். கோட்டைமேட்டில் கடை வைத்திருக்கும் அவளுடைய தந்தை அப்துல் முத்தலிப், "டாக்டருங்கறதா, டீச்சருங்கறதா? கேக்கறவங்களுக்கு நான் என்னம்மா சொல்றது?" என்று சலித்துக்கொள்வார். "ஐஸ் விக்கறாள்னு சொல்லுங்கத்தா" என்பாள் அவள்.

தலையில் அடிபட்டவர்களைச் சோதிக்க அவளிடம் ஒரு முறை இருந்தது. மூளை அதிர்ந்திருந்தால் காலிலோ கையிலோ அடையாளம் தெரியாது, நினைவில்தான் தெரியும். எனவே ஐந்து சொற்களைச் சொல்லி, அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொல்வாள். சற்றுநேரம் கழித்து மீண்டும் கேட்பாள். சென்னையில் கற்றுத்தந்தவர்கள் ஆங்கிலச் சொற்களைக் கொடுத்திருந்தார்கள். அவற்றை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும் என்றும் கூறியிருந்தார்கள். தமிழில் அவளே தொகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. குடை, வாளி, எலுமிச்சை, கம்பளி, கோபுரம் என்பவை முதலில் மனத்தில் அமைந்தன. ஆட்டம் நின்று எல்லாரும் கூச்சலிடும் வேளையில் புதுச்சொற்களைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அவ்வைந்தும் நாவிலேயே நின்றன. ஆண்டுகள் ஓடின, மாணவியர் மாறினார்கள், சொற்கள் மாறவில்லை.

பவானியில் நடந்த மகளிர் கபடிப் போட்டியில், இடைவேளைக்குச் சற்றுமுன், கெசியா பாடிச் சென்றாள். சத்தியமங்கலத்துப் பெண், இரண்டாமாண்டு மாணவி, அணியின் வெற்றியில் பாதி அவளுடைய கால்களில் இருந்தது. எதிரணியினர் அவளுடைய கணுக்காலைப் பற்றி இழுத்தபோது, கோட்டைத் தொட்டுவிடத் தாவிய அவளுடைய தலை, ஓரத்தில் நின்றவளின் முழங்காலில் மோதியது. எல்லாரும் கோட்டின்மீது நீண்ட கையைப் பார்த்தார்கள். ஃபர்சானா தலையைப் பார்த்தாள். நடுவரிடம் கையை உயர்த்திவிட்டு உள்ளே ஓடினாள்.

"கண்ணு, இது எந்த ஊரு?"

"பவானிங்க மேடம்."

"யாரோட ஆடறோம்?"

"ஈரோட்டுக்காரங்களோடங்க." கெசியா புன்னகைத்தாள். "நல்லாத்தானுங்க இருக்கறேன்."

"நான் சொல்றதத் திருப்பிச் சொல்லு. குடை, வாளி..."

அவள் முடிப்பதற்குள் கெசியாவே ஐந்தையும் வரிசை பிறழாமல் சொல்லி முடித்தாள். அதனைக் கூர்மை என்று ஃபர்சானா எண்ணினாள். கோட்டின்மீது நடக்கச் சொன்னாள், நேராக நடந்தாள். வெளியிலிருந்து உடற்கல்வி இயக்குநர் சுப்பண்ணன் குரல் கொடுத்தார்: "ஏனுங்கம்மணி, பாடம் நடத்தறீங்களா? மணியடிக்கப் போறாங்க!"

ஐயம் எழுந்தால் வெளியே அமர்த்திவிட வேண்டும் என்பதுதான் இத்தொழிலின் முதல் விதி. அவளுக்கும் ஐயம் எழுந்திருந்தது. அதனை அவ்வைந்து சொற்கள் அகற்றிவிட்டன. சற்றுநேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். மறுபடியும் ஐந்தும் வந்தன. ஃபர்சானா தலையசைத்தாள். கெசியா மீண்டும் களமிறங்கினாள். பலமுறை பாடிச் சென்றாள். இருமுறை மல்லாந்து விழுந்தாள். அணி வென்றதாகப் பிறகு சொன்னார்கள்.

திரும்பும் வழியில், பெருந்துறையைத் தாண்டும்போது மேற்கு வெயில் பேருந்துக்குள் விழுந்தது. கெசியா சன்னலோரம் கண்களை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தாள். அருகில் அணித்தலைவி நிதா.

"அக்கா, நாம எங்கீங்க போறோம்?"

"காலேஜுக்குத்தான்டி."

சற்றுநேரம் கழித்து, "அக்கா, நாம எங்கீங்க போறோம்? மேட்ச் எப்பங்க?"

பேருந்தே சிரித்தது. "கப்பு வாங்கிக் குடுத்துப்போட்டு நக்கலப் பாரு கழுதைக்கு!" என்றாள் நிதா. மூன்றாம் முறையும் கெசியா அதனையே கேட்டபோது நிதா சிரிக்கவில்லை. ஆனால் பின்னிருக்கையில் இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை. அவர்களில் ஒருத்தி கைதட்டி, "குடை!" என்று தொடங்கினாள். "வாளி!" என்றது மறுபக்கம். "எலுமிச்சை!" என்று பேருந்து முழுவதும் கூவியது. கண்களைத் திறவாமலே, தாளம் தப்பாமல், கெசியா முடித்தாள்: "கம்பளி, கோபுரம்."

முன்னிருக்கையிலிருந்து ஃபர்சானா எழுந்து வந்தாள்.

"என்ன பாட்டு அது?"

"உங்க பாட்டுத்தானுங்க மேடம்" என்றாள் நிதா. "சீனியருங்க சொல்லிக்குடுத்தது. மூச்சுப் பழகறப்ப இதைத்தான் சொல்லுவோம். புதுசா வர்றவங்க மொத வாரத்துலயே மனப்பாடம் பண்ணிப்போடோணும்."

"எதுக்கு?"

"நீங்க கேட்டா டக்குன்னு சொல்றதுக்குங்க." நிதாவின் குரலில் கள்ளம் இல்லை. ஆசிரியை விரும்பிக் கேட்கும் பாடலை வகுப்பு முழுவதும் கற்றுவைத்திருப்பது போலத்தான் அவர்கள் அதனைக் கருதியிருந்தார்கள்.

ஃபர்சானா கெசியாவின் முகத்தருகே குனிந்தாள். "கண்ணு, இன்னிக்கு நாம எந்த ஊருக்குப் போயிருந்தோம்?"

கெசியா நெடுநேரம் சிந்தித்தாள். பிறகு மிகுந்த மரியாதையோடு, "நீங்களே சொல்லுங்க மேடம்" என்றாள். சொல்லிவிட்டு நடைவழியில் வாந்தியெடுத்தாள்.

பேருந்து நேரே மருத்துவமனைக்குப் போயிற்று. ஸ்கேனில் இரத்தக் கசிவும் இல்லை, வீக்கமும் இல்லை. "ஒண்ணுமில்லை, ஓய்வு எடுக்கட்டும்" என்று சொல்லி மறுநாளே அனுப்பிவிட்டார்கள். அந்த 'ஒண்ணுமில்லை' என்னும் சொல் அன்றுமுதல் கல்லூரி முழுவதும் உலவியது. கெசியாவுக்கோ வகுப்பறையின் குழல்விளக்கு கண்ணைக் குத்தியது. ஒரு வரியைப் படித்து அடுத்த வரிக்குப் போவதற்குள் முதல் வரி மறைந்தது. விடுதியில் தன் அறைக்குப் பதிலாக வேறோர் அறைக்குள் போய்ப் படுத்திருந்தாள். காரணமின்றி அழுதாள், அழுததற்காக எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும் என்பது ஃபர்சானா கற்றது. சிலருக்கு ஆவதில்லை என்பதையும் அவள் கற்றிருந்தாள். யார் அந்தச் சிலர் என்று முன்கூட்டிச் சொல்லும் கருவி எதுவும் இல்லை.

இரண்டு மாதங்கள் கடந்தும் தலைவலி நீங்கவில்லை. ஒரு நாள் ஃபர்சானா அவளைத் தன் அறைக்கு அழைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் புதுச்சொற்களைச் சொன்னாள்: சாவி, மிளகு, தொட்டில், படகு, மணல்.

"சாவிங்க..." என்றாள் கெசியா. விரல்களை மடக்கினாள், பிரித்தாள். "மணலுங்க. அப்பறம்... அப்பறம் ஒண்ணு இருந்துச்சுங்க."

"அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லு."

யோசித்தாள். வெளியே மைதானத்தில் விசில் ஊதிய ஓசைக்கு அவளுடைய தோள்கள் குறுகின. பிறகு தலை குனிந்தவாறே, "மேடம், பழசையே கேளுங்களேன். அது எனக்கு நல்லா வருதுங்க" என்றாள்.

ஃபர்சானா எழுந்துபோய் மைதானத்துப் பக்கக் கதவைச் சாத்தினாள்.

அச்சமயத்தில் தென்மண்டலப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. சுப்பண்ணன் கொடியவர் அல்லர். ஒரு காலத்தில் அவரும் ஆடியவர். இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோய், மேசையின் கீழே வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டுதான் அலுவல் பார்த்தார். தம்முடைய கால்களைக் காட்டி, "நாங்கெல்லாம் இத்தோடதான் ஆடுனோமுங்க" என்று சொல்வதை அவர் ஒரு நியாயமாகவே கருதினார்.

"டாக்டர் ஃபிட்டுன்னு எழுதிக் குடுத்துட்டாருங்க அம்மணி. ஸ்கேன்ல ஒண்ணுமில்லியாமா."

"இது ஸ்கேன்ல தெரியாதுங்க சார்."

"அப்பறம் எதுலதானுங்க தெரியும்?"

"அவகிட்டப் பேசிப் பாத்தாத் தெரியுமுங்க."

"பவானியிலயும் பேசித்தானுங்களே அனுப்புனீங்க?"

சுப்பண்ணனுக்கே தாம் சொன்னது அதிகமாகப் பட்டிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதை உடுங்க. இந்த வருசம் டீம்ல இல்லீன்னா அவ ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு போகுதுங்க. ஆஸ்டலும் போகுது. நிர்வாகத்துல நானும் சொல்லிப்போட்டேன். ஆடறவளுக்குத்தான் சீட்டு, தலைவலிக்காரிக்கு எதுக்குங்கறாங்க. நான் ஒண்ணு பண்றேன். கூட்டிட்டுப் போயி பெஞ்சுல உக்கார வெச்சுக்கறேன். போதுங்களா?"

"ரெண்டு பாயிண்டு பின்னால இருக்கறப்ப உங்க வாக்கு உங்க கையில இருக்காதுங்க சார்."

சுப்பண்ணன் சிரித்துவிட்டார். "அதென்னமோ வாஸ்தவந்தானுங்க" என்று முழங்காலைத் தடவிக்கொண்டார்.

முதல்வரிடம் போனாள். அவர் காப்பி வரவழைத்துக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டு, மருத்துவரின் சான்றிதழ் இருக்கும்போது தாம் தலையிடுவது முறையன்று என்று கூறினார். போட்டி நடத்துவோரிடம் தொலைபேசியில் பேசினாள். அவர்களும் அதே சான்றிதழைக் குறிப்பிட்டார்கள். மருத்துவரிடமே போனாள். அவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "நீங்களே பாருங்க, எங்கே இருக்குது?" என்று கேட்டார்.

கெசியாவின் தாய் ஜெபராணி, மகளைப் பார்க்கச் சத்தியமங்கலத்திலிருந்து வந்தாள். விடியுமுன் சம்பங்கித் தோட்டங்களில் பூப்பறிப்பவள். கணவன் இல்லை. ஃபர்சானாவின் அறையில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, வாழையிலையில் சுற்றிய பூப்பொட்டலம் ஒன்றை மேசையின்மீது வைத்தாள்.

"ஊட்டுக்கு வந்திருந்தப்ப பாத்தேனுங்க மேடம். அடுப்புல பால வெச்சுப்போட்டு அங்கயே நிக்கறா, பொங்கி ஊத்தறது தெரியலீங்க. சர்ச்சுல பாட்டுப் பாடறப்ப காதைப் பொத்திக்கறா. ஆனா ஆடுனா எல்லாம் சரியாயிருமுன்னு அவளே சொல்றாளுங்க."

"ஆடக் கூடாதுங்கம்மா. மறுபடியும் அங்கயே அடிபட்டுச்சுன்னா எந்திரிக்காமயே போயிரலாமுங்க."

ஜெபராணி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "அப்ப எப்பத்தானுங்க ஆடலாம்?"

"எப்பவுமே முடியாமப் போலாமுங்க."

"ஆடலீன்னா ஊட்டுக்கு வந்துருவாளுங்க. வந்தா அவ மாமனுங்க சும்மா இருக்க மாட்டாங்க. இப்பவே ஒரு எடம் பாத்து வெச்சிருக்கறாங்க. கட்டிக் குடுத்தா அங்க போயும் பால மறந்து நிப்பாளுங்களே. யாருங்க பொறுத்துக்குவாங்க?" அழவில்லை, கணக்கைச் சரிபார்ப்பவள் போலத்தான் கேட்டாள். பிறகு எழுந்து நின்றாள். "நீங்க சொன்னாச் சரிங்க மேடம்."

அவள் போன பிறகு ஃபர்சானா வாசலில் வந்து நின்றாள். மைதானத்தின் ஓரத்தில் சுப்பண்ணன் ஜெபராணியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அவருக்கும், "சரிங்க சார்" என்று தலையசைத்தாள். இரண்டு தலையசைப்புகளுக்கும் எந்த வேறுபாடும் இல்லை.

அவ்வாண்டு தென்மண்டலப் போட்டிக்குப் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. தகுதி பெற்ற விளையாட்டு மருத்துவ உதவியாளர் ஒருவர் பெஞ்சில் இல்லாத அணி களமிறங்கக் கூடாது என்பது அது. இப்படி ஒரு விதி வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து பேசி வந்தவர்களில் ஃபர்சானாவும் ஒருத்தி. அறிவிப்பு வந்த அன்று நிதா பேக்கரியிலிருந்து பப்ஸ் வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தாள். இத்தனை ஆண்டுப் பணியில் தனக்குக் கிடைத்த ஒரே வெற்றி என்று அன்றைக்கு ஃபர்சானா நினைத்தாள். இப்போது அவ்விதியின் மறுபக்கம் அவளுக்குத் தெரிந்தது. பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தால், களத்தில் நடப்பதெல்லாம் முறைப்படி நடப்பதாகிவிடும். கெசியா வேண்டாம் என்று அவள் எத்தனை முறை சொல்லியிருந்தாலும், அங்கே அவள் உட்காருவது ஒன்றே ஒப்புதலாகிவிடும். அடிபட்டு வீழ்ந்தால், "மேடம் இருந்தாங்களே" என்பார்கள். அது பொய்யாகவும் இராது.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை பேருந்தில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கெசியா வேப்பமரத்தின் கீழே, தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சத்தமிட்டபோதெல்லாம் அவளுடைய கண்கள் இடுங்கின. ஆனாலும் ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு எல்லையற்ற மகிழ்ச்சி. அது பொய்யன்று என்பதுதான் ஃபர்சானாவால் தாங்க முடியாததாக இருந்தது.

"ஐஸ் பெட்டிய ஏத்திப்போடலாங்களா அம்மணி?" என்று கேட்டுக்கொண்டே சுப்பண்ணன் வந்தார்.

"கெசியா வர்றாளுங்களா சார்?"

"வர்றாளுங்க. அதான் பெஞ்சுலதான் இருப்பான்னு சொன்னனே."

"அவ வந்தா நான் வரலீங்க."

சுப்பண்ணன் முதலில் அதனை விளையாட்டாக எடுத்துக்கொண்டார். "காலைல எந்திரிக்கச் சோம்பலுங்களா? டிரைவரைக் கோட்டைமேட்டுக்கே வந்து ஏத்திக்கச் சொல்லட்டுமா?" என்றார். அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகு ஐஸ் பெட்டியின்மீது மெல்ல உட்கார்ந்தார். "நீங்க வரலீன்னா டீமே எறங்க முடியாதுங்க. நிதாவுக்குக் கடைசி வருசம்."

"தெரியுங்க."

"கெசியா சீட்டும் போயிரும். நீங்களே அவளப் படிப்பு நிறுத்தி அனுப்புன மாதிரி ஆயிருமுங்க."

"தெரியுங்க சார்."

"ஜூன்ல உங்களுக்காக நான் வாயத் தொறக்க முடியாது."

அவள் தலையசைத்தாள்.

"சரி, இத்தனையும் செஞ்சு என்னாகப் போகுதுங்க?" என்றார் அவர். அவருடைய குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே விளங்கிக்கொள்ள விரும்பினார். "டீம் எறங்காதுன்னு சொன்னேன், ஆனா இப்ப ஒரு போன் போட்டன்னா காந்திபுரத்துல இருந்து ஒரு பையன் சர்ட்டிபிகேட்டோட வந்து நிப்பான். அவனுக்குக் கெசியா யாருன்னே தெரியாது. நீங்க இருந்தாலாவது அவமேல ஒரு கண்ணு இருக்கும். போகாம இருந்து யாரக் காப்பாத்தப் போறீங்க?"

இக்கேள்வியை அவளே பல நாள்களாகத் தன்னிடம் கேட்டிருந்தாள். போனால் கெசியாவின் அருகிலிருந்து, வீழும்போது முதலில் ஓடிச்சென்று கழுத்தைத் தாங்கலாம். போகாவிட்டால் அதுவும் இல்லை. காந்திபுரத்துப் பையன் வருவான், ஆட்டம் நடக்கும், கெசியா பாடிச் செல்வாள். யாரையும் காப்பாற்ற இயலாது என்பது அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது. நிதா பேருந்தின் படியில் நின்று, "மேடம், முன்சீட்டு உங்களுக்குத்தானுங்க, யாரையும் உக்கார உடலீங்க!" என்று கூவினாள். கெசியாவும் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தாள்.

ஃபர்சானா பதிலுக்குக் கையசைத்தாள். பிறகு சுப்பண்ணனிடம் திரும்பினாள்.

"போன் போடுங்க சார். அந்தப் பெஞ்சுல நான் உக்காரலீங்க" என்றாள்.